மணி அடிக்கும் கைக்குப் பொறுப்பு வேண்டும்

பதிவு இன்று கொஞ்சம் நீளம். வகுப்பில் செய்ததுபோலப் பாதியிலேயே ஜன்னல் பக்கம் திரும்பிவிடாமல் முழுவதும் படியுங்கள்.

நம் பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பார்க் திறந்தார்கள். 21 மாடிக் கட்டடம். இந்துக் கல்லூரி ஸ்டேஷன் பக்கம் வருகிறவர்களுக்கு அடையாளமே இப்போது அதுதான். என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டிலும், கிண்டியிலும், கடல் தாண்டியும் இருக்கிறீர்கள். அந்தப் பெருமையோடு ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மொபைலில் டிங் என்று வந்து விழுகிறதே, அந்த நோட்டிஃபிகேஷன் பற்றி.

போன மழைக்காலத்தில் பழைய மாணவர் ஒருவர் ஒரு டியூஷன் சென்டருக்காகச் செயலி செய்தார். "டீச்சர், பெற்றோருக்குப் போகிற செய்தியில் தமிழ் சரியா என்று பாருங்கள்" என்று அனுப்பினார். சந்திப்பிழை திருத்துவதோடு விட்டிருக்கலாம். ஆனால் இது எங்கிருந்து கிளம்புகிறது, எப்படிப் போகிறது என்று கேட்க ஆரம்பித்தேன். அவரும் சலிக்காமல் சொன்னார். நான் புரிந்துகொண்டதை, தெரியாத உறவினர்களுக்காக முதலில் சொல்கிறேன்.

செயலியை நிறுவியதும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு நீளமான குறியீடு கிடைக்கிறது. அதற்கு டோக்கன் என்று பெயர். கதவு எண் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலிக்காரரின் சர்வரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது சில பத்து வரி நிரல், இருக்கிறது. அது தலைப்பையும் செய்தியையும் டோக்கனையும் சேர்த்துக் கூகுளின் ஃபயர்பேஸ் சேவைக்கு அனுப்புகிறது. ஆப்பிள் போனாக இருந்தால் ஆப்பிளின் சேவை வழியாகப் போகிறது. ஆப்பிள் 2009-ல் இதைத் தொடங்கியது, கூகுள் 2010-ல். தபாலை எழுதுவது நம் ஆள், கொண்டுபோய்ப் போடுவது அவர்கள்.

ஒவ்வொரு டோக்கனாகவும் அனுப்பலாம். "டாபிக்" என்று ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரில் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் ஒரே கட்டளையில் அனுப்பவும் செய்யலாம். பத்து பேருக்கும் ஒரே கட்டளைதான், பத்து லட்சம் பேருக்கும் ஒரே கட்டளைதான். என் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

பள்ளியில் மணிக்கு ஒரு மொழி இருந்தது. பீரியட் முடிந்தால் ஒரு அடி, உணவு இடைவேளைக்கு வேறு மாதிரி, கடைசியில் நீண்ட மணி. கண்ட நேரத்தில் எவரும் மணியைத் தொட முடியாது. அதனால்தான் மணி அடித்ததும் ஐநூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தினமும் ஐம்பது முறை விளையாட்டாக அடித்திருந்தால் ஒருவர்கூட எழுந்திருக்க மாட்டார்.

இன்று நம் போன்களில் நடப்பது அந்த விளையாட்டு மணிதான். ஒரு கடைக்காரச் செயலி இரவு பதினொன்றுக்கு "உங்களை ரொம்ப மிஸ் பண்றோம்" என்று எனக்கு எழுதுகிறது. என் சொந்தத் தங்கைகூட அந்த நேரத்தில் அப்படி எழுத மாட்டாள். இன்னொன்று "கடைசி 10 நிமிடம்!" என்று தினமும் சொல்கிறது. அந்தப் பத்து நிமிடம் பல மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. அதில் 13 வகைகளைப் பட்டியலிட்டார்கள். பொய் அவசரம் காட்டுவதும், ஓயாமல் நச்சரிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் விளம்பர அழைப்பையும் எஸ்.எம்.எஸ்ஸையும் 1909 எண்ணில் பதிந்து தடுப்பதுபோல, செயலி அறிவிப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் தடுக்க வழியில்லை. ஒவ்வொரு செயலியாகத்தான் போய் நிறுத்த வேண்டும். அதனால் மக்கள் என்ன செய்கிறார்கள்? படிக்காமலே தள்ளிவிடுகிறார்கள். வெள்ள எச்சரிக்கையையும் அதே விரல்தான் தள்ளுகிறது.

இது வெறும் எரிச்சல் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையையும் பார்த்தவர்கள் நாம். 2024-ல் தமிழக அரசு டிஎன்-அலர்ட் செயலியை வெளியிட்டது. வானிலை முன்னறிவிப்பும் மழை அளவும் நீர்த்தேக்க நிலவரமும் தமிழில் கிடைப்பது நல்ல காரியம். ஆனால் அந்த எச்சரிக்கையும் "பிரியாணிக்கு 40 சதவீதம் தள்ளுபடி"யும் ஒரே திரையில், ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. தள்ளுபடி அனுப்புகிறவர் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கையின் மதிப்பைக் கொஞ்சம் தின்கிறார்.

ஆகவே ஸ்கிரிப்ட் எழுதும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள்கள் ஐந்து.

ஒன்று. விளம்பரத்தையும் அவசியச் செய்தியையும் ஒரே பையில் போடாதீர்கள். ஆண்ட்ராய்டில் 2017 முதல் "சேனல்" என்ற வசதி இருக்கிறது. கட்டண நினைவூட்டல் ஒரு சேனல், அவசரச் செய்தி ஒரு சேனல், சலுகை ஒரு சேனல் என்று பிரித்துவிட்டால், வேண்டாததை மட்டும் பயனர் நிறுத்திக்கொள்வார். எல்லாவற்றையும் ஒரே சேனலில் வைத்தால், தொல்லை தாங்காமல் மொத்தத்தையும் நிறுத்துவார். அப்புறம் நீங்கள் எழுதும் முக்கியமான செய்தியைப் பார்க்க ஆளே இருக்க மாட்டார்கள்.

இரண்டு. முகவரியைச் சரியாகப் போடுங்கள். 2018-ல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பட்டாபிராமும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகையில் "சென்னை-72" என்று போடுகிறோம், ஆனால் நம் ஆட்சியர் திருவள்ளூர் ஆட்சியர். மழைக்காலத்தில் பள்ளி விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். "சென்னை" என்று ஒரே டாபிக் வைத்து விடுமுறைச் செய்தி அனுப்பினால் பட்டாபிராம் தாய் என்ன செய்வாள்? இங்கே வசித்து அம்பத்தூரில் படிக்கும் பிள்ளைக்கு எந்த மாவட்டம்? அந்தப் பிள்ளைக்கு வீடு எங்கே என்பதைவிடப் பள்ளி எங்கே என்பதுதான் முக்கியம். வெள்ள எச்சரிக்கை என்றால் வீடுதான் முக்கியம். ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் இந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதிப் பதில் கண்டுபிடியுங்கள்.

மூன்று. நாளும் கிழமையும் எழுதுங்கள். போன் அணைந்திருந்தால் செய்தி காத்திருந்து, போன் திறந்ததும் வரும். நீங்கள் காலவரை ஏதும் குறிப்பிடாவிட்டால் ஃபயர்பேஸ் அதை நான்கு வாரம் வரை வைத்திருக்குமாம். திங்கள் இரவு அனுப்பிய "நாளை விடுமுறை", கரண்ட் இல்லாமல் சார்ஜ் போன வீட்டுக்குப் புதன் காலை போய்ச் சேர்ந்தால் எந்த நாளை? மழை நாளில்தான் கரண்ட் போகும், மழை நாளில்தான் விடுமுறைச் செய்தியும் வரும். ஆகவே "நாளை" என்ற சொல்லையே எடுத்துவிட்டுத் தேதியையும் கிழமையையும் எழுதுங்கள். செய்தியின் ஆயுளையும் ஸ்கிரிப்டில் குறித்துவிடுங்கள். நேரம் கடந்த செய்தி வராமலே போவது நல்லது.

நான்கு. தமிழ் எழுதத் தெரிந்து எழுதுங்கள். இங்கே நான் டீச்சராகவே பேசுகிறேன். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் முன்னாலேயே வந்துவிடும். தமிழில் அது வினையின் வாலில் வருகிறது. பூட்டிய திரையில் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி மூன்று புள்ளியாகிவிடும். அந்த மாணவர் எனக்கு அனுப்பிய வரி இது: "திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பள்ளிகளுக்கு நாளை விடுமுறை அளிக்கப்படவில்லை." திரையில் தெரிந்தது "விடுமுறை அளிக்கப்பட" வரைதான். "வில்லை" மறைந்துவிட்டது! பொருள் தலைகீழாகிவிட்டது. நான் மாற்றிக் கொடுத்தது: "பள்ளி உண்டு. டிசம்பர் 3, புதன். திருவள்ளூர் மாவட்டம்." முடிவு முதலில், நாள் அடுத்து, இடம் அதற்கடுத்து, விளக்கம் கடைசியில். பத்திரிகைக்காரர்களுக்கு இது பழைய பாடம்.

இடமும் குறைவு. கணினியில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட் என்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். "அம்மா" என்பதில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறிகள், ஆக 15 பைட். ஒரு அறிவிப்பில் அனுப்பக்கூடியது மொத்தம் 4096 பைட்தான். எஸ்.எம்.எஸ்ஸிலும் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் தருகிறார்கள், தமிழுக்கு 70. இதைக் காரணம் காட்டித் தமிழை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் எத்தனை பாட்டிகளுக்கு ஆங்கில எச்சரிக்கை புரியும்? "தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுவது யாதெனில்" என்பதை விட்டாலே பாதி இடம் மிஞ்சும்.

ஐந்து. சாவியைப் பத்திரமாக வையுங்கள், ஒரே ஆள் கையில் விடாதீர்கள். ஸ்கிரிப்ட் அனுப்புவதற்கு ஒரு ரகசியச் சாவி தேவை. 2020 ஆகஸ்டில் பல செயலிகளின் பழைய வகைச் சாவிகள் செயலிக்குள்ளேயே கிடக்கின்றன என்று ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தினார். சாவி கிடைத்தவர் எவரும் அந்தச் செயலியின் பெயரில் எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பலாம் என்ற நிலை. அதே மாதக் கடைசியில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், கூகுள் ஹேங்கவுட்ஸ் பயனர்களுக்குப் பொருளற்ற சோதனை அறிவிப்புகள் வந்து உலகமே விழித்தது. 2024-ல் கூகுள் பழைய முறையை மூடிவிட்டது. இப்போது சற்று நேரத்தில் காலாவதியாகும் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் அனுப்ப வேண்டும். வழி பாதுகாப்பாகிவிட்டது, ஆனால் மூலச் சாவியை வாட்ஸ்அப்பில் பரிமாறிக்கொள்ளும் பழக்கத்தை நாம்தான் விட வேண்டும்.

சாவி பத்திரமாக இருந்தாலும் கை தவறலாம். 2018 ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் ஏவுகணை வருகிறது என்று எல்லா போன்களுக்கும் எச்சரிக்கை போயிற்று. ஏவுகணை எதுவும் வரவில்லை. அது தவறு என்ற மறுசெய்தி போன்களுக்கு வந்து சேர 38 நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் அங்கே தாய்மார்கள் பிள்ளைகளை எப்படி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்! அதற்குப் பிறகுதான் இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்தான் அனுப்ப முடியும் என்று மாற்றினார்கள். உங்கள் செயலி சின்னதாக இருக்கலாம். ஆனாலும் "எல்லோருக்கும்" என்ற கட்டளைக்கு முன் இன்னொரு கண் பார்க்கட்டும். முதலில் உங்கள் போனுக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள். திருத்தச் செய்தியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

"டீச்சர், உயிர்காக்கும் செய்திக்குத்தான் அரசாங்கம் இருக்கிறதே, டியூஷன் சென்டருக்கு ஏன் இவ்வளவு?" என்று ஒருவர் கேட்டார். பாதி நியாயம். செயலி அறிவிப்புக்கு இணையம் வேண்டும், செயலியும் நிறுவியிருக்க வேண்டும். மிக்ஜாம் மழையில் பல இடங்களில் சிக்னலே இல்லை. பெரிய ஆபத்துக்குச் செல் பிராட்காஸ்ட் முறைதான் பொருத்தம். கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில் போகும், செயலியும் வேண்டாம், இணையமும் வேண்டாம். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் இதைச் சோதித்தபோது எல்லோர் போனும் விநோதமாக அலறியது நினைவிருக்கும்.

ஆனால் மீதிப் பாதி? மக்கள் அலறலை மதிப்பதும் மதிக்காததும் அரசாங்கச் செய்தியால் மட்டும் முடிவாவதில்லை. நாள் முழுக்க வருகிற நூறு சின்ன மணிகளால் முடிவாகிறது. அந்த நூறில் உங்கள் டியூஷன் சென்டரும் இருக்கிறது.

"அறிவிப்பு அனுப்பாவிட்டால் செயலியைத் திறக்கவே மாட்டார்கள், வியாபாரம் நடக்க வேண்டாமா?" என்றும் கேட்கிறீர்கள். நடக்கட்டும். வாரத்துக்கு ஒன்று, பகலில், உண்மையான சலுகை என்றால் யார் கோபித்துக்கொள்வார்கள்? நம் தெரு கீரைக்காரம்மா தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு குரல் கொடுக்கிறார். எல்லா வீட்டுக் கதவும் திறக்கிறது. நடுராத்திரியில் குரல் கொடுத்தால் திறக்குமா?

உறவினர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். இன்று ராத்திரி போனின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போங்கள். கடை, விளையாட்டு, சலுகை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வங்கி, மின்சாரம், வானிலை, பிள்ளையின் பள்ளி, இவற்றை மட்டும் விடுங்கள். அவசர எச்சரிக்கை என்ற பகுதியைத் தொடாதீர்கள். தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் செய்துவிடுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதும் பிள்ளைகளே, உங்கள் செய்தியில் தமிழ் சரியா என்று சந்தேகம் வந்தால் எனக்கு அனுப்புங்கள். கட்டணம் இல்லை. ஒரே நிபந்தனை: இரவு ஒன்பது மணிக்கு மேல் அனுப்பக் கூடாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பட்டாபிராம்.