வணிகம் வளர்த்த இலக்கியம்

புலவரைப் புரவலர் காப்பது பழைய வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ, புரவலரின் இடத்தை மெல்ல மெல்ல வணிகம் பிடித்துக்கொண்டதை நாம் காண்கிறோம். 1711-ல் தோன்றிய 'ஸ்பெக்டேட்டர்' இதழ், வணிகர் கூடும் லண்டன் காப்பிக் கடைகளில் படிக்கப்பட்டது. 1719-ல் 'ராபின்சன் குரூசோ'வை எழுதிய டீஃபோ வணிகம் செய்தவர். 1740-ல் 'பமீலா'வைத் தந்த ரிச்சர்ட்சன் அச்சகம் நடத்தியவர். 1755-ல் வெளிவந்த டாக்டர் ஜான்சனின் அகராதிக்குப் பணம் தந்தவர்கள் புத்தக வணிகர்களே. பிரபுவின் வாசலில் காத்து நில்லாமல் எழுத்தாளர் தலைநிமிர முடிந்தது. இதை நாம் போற்றுகிறோம்.

ஆனால், அதே வணிகம் மனிதரையும் விற்றதன்றோ? தீவில் ஒதுங்கும் முன் குரூசோ கடைசியாகக் கப்பலேறியது எதற்கு? ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கி வருவதற்கே! இதை மறந்து அக்கதையைப் படிப்பது முறையாகாது.

அடிமையாக விற்கப்பட்ட ஈக்குவியானோ, சிறு வணிகம் செய்து சேர்த்த பணத்தால் 1766-ல் தம் விடுதலையைத் தாமே வாங்கினார். 1789-ல் தம் வரலாற்றை நூலாக்கி, ஊர் ஊராகச் சென்று விற்று நீதி கேட்டார். 1807-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடை செய்தது.

வணிகம் இலக்கியத்திற்கு அச்சும் வாசகரும் தந்தது. மனச்சான்றைத் தந்தவர்கள் மனிதர்களே. குரூசோவைப் படிக்கும் நாம் ஈக்குவியானோவையும் படிப்போமாக!