பெற்றோரே, அந்த 2012 கடவுச்சொல்லை இன்னுமா வைத்திருக்கிறீர்கள்?

பேராக், செமோர் பெற்றோருக்குக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். கிளேபாங், கந்தான், தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து அப்பா அம்மாக்களும் படிக்கலாம். உங்கள் வாட்ஸ்அப் குழுக்களும் வேறு மாதிரி இல்லை.

பள்ளி திறக்கும் வாரத்தில் வகுப்புக் குழுவில் நடப்பது இது. "டீச்சர், பிள்ளையோட டெலிமா பாஸ்வர்ட் மறந்துபோச்சு" என்று, பள்ளிப் பிள்ளைகளின் இணையக் கற்றல் தளத்தைப் பற்றி ஓர் அம்மா கேட்கிறார். ஆசிரியர் அவருக்குத் தனியாக அனுப்பப் போகிறார். அதற்குள் உதவும் மனம் கொண்ட ஓர் அப்பா, தன்னிடம் இருந்த வகுப்புப் பட்டியலையே படமெடுத்துப் போட்டுவிடுகிறார். பெயர், ஐசி நம்பர், மின்னஞ்சல், கடவுச்சொல் என்று வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வரிசையாக இருக்கிறது. கீழே கைகூப்பிய பொம்மைகள் வந்து குவிகின்றன. அழித்துவிடுங்கள் என்று சொல்ல ஓர் ஆளில்லை.

கேட்டால், "கவர்மெண்ட் வெப்சைட்டே கசியுது, நாம என்ன செய்ய?" என்கிறீர்கள். கசிந்ததென்னவோ உண்மைதான். பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் பார்த்தோமே, கல்வி அமைச்சின் 'சாப்ஸ்' தளம், அதில் பெரிய ஓட்டை இருப்பது 2018 ஜூனில் வெளியே வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மாணவர் விவரங்களை எவரும் அள்ளிக்கொண்டு போகக்கூடிய நிலை. அமைச்சு தளத்தைத் தற்காலிகமாக மூடியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2017 அக்டோபரில், 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தியை லோயாட் என்ற செய்தித் தளம் வெளியிட்டது. நாட்டின் மக்கள் தொகையே அப்போது அவ்வளவு இல்லை.

ஆனால் அதே செய்தியில் இருந்த இன்னொரு பெயரைத்தான் நீங்கள் கவனிக்கவில்லை: ஜாப்ஸ்ட்ரீட். வேலை தேடி நம்மில் பாதிப்பேர் பதிந்துவைத்த தளம். ஏறக்குறைய 40 லட்சம் மின்னஞ்சல் முகவரிகள், பிறந்த தேதி, வீட்டு முகவரி, தொலைபேசி எண், கூடவே கடவுச்சொற்களும் அதில் இருந்தன. தரவிலுள்ள தேதிகள் 2012 மார்ச்சைக் காட்டின. அதாவது, திருடுபோய் ஐந்தரை ஆண்டுக்குப் பிறகுதான் நமக்குச் சேதியே வந்தது. அன்று வைத்த கடவுச்சொல் எது என்று யோசித்துப் பாருங்கள். தலைப்பிள்ளையின் பெயர், பின்னால் பிறந்த ஆண்டு. இன்று மின்னஞ்சலுக்கும், ஷொப்பிக்கும் எது? அதேதான். இடையில் ஏதோ ஒரு தளம் கேட்டதற்காக ஓர் ஆச்சரியக்குறி சேர்த்திருப்பீர்கள்.

திருடுபவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஊகிப்பதில்லை. பெரும்பாலான தளங்கள் கடவுச்சொல்லைக் குழப்பி உருமாற்றித்தான் சேமிக்கின்றன. அவனுடைய நிரல் உலகத்துப் பெயர்களையெல்லாம் வரிசையாக எடுத்து, பின்னால் ஆண்டுகளை ஒட்டி, அதே முறையில் குழப்பி, பொருந்துகிறதா என்று பார்க்கிறது. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து திருடுபோன 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்களின் பட்டியல் இன்றும் இதற்குப் பாடநூல் மாதிரி. நம் வீட்டுப் பெயர்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கும்போது அவனுக்கு அவை புதிதா என்ன? ஒரு தளத்தில் பொருந்தியதும், அதே மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் மற்றத் தளங்களில் எல்லாம் போட்டுப் பார்ப்பது இயந்திரத்தின் வேலை.

பிறந்தநாள் கேக் படத்தைப் பெயரோடும் தேதியோடும் முகநூலில் போடுகிறீர்கள். ஐசியின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு, பேராக்கில் பிறந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. மிச்சம் என்ன இருக்கிறது? எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று சான்றிதழை மறைக்காமல் போட்டு அந்த மிச்சத்தையும் கொடுத்துவிடுகிறீர்கள்.

பெயரையும் ஐசி நம்பரையும் எளிதில் மாற்ற முடியாது. நம் கையில் மிஞ்சியிருப்பது கடவுச்சொல் ஒன்றுதான். அதையும் பெயராலும் பிறந்த தேதியாலும் நிரப்பினால் எப்படி?

"தோட்டத்துல கதவைச் சாத்தினதே இல்லையே" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. லயத்தில் அந்நியன் ஒருவன் நுழைந்தால் பத்து வீட்டுக் கிழவிகள் "யாருப்பா நீ?" என்று கேட்பார்கள். இணையத்தில் எந்தக் கிழவி உட்கார்ந்திருக்கிறாள்?

முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பெல்லாம் அங்கேதான் வருகிறது. அது போனால் எல்லாம் போச்சு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள், இரட்டைச் சரிபார்ப்பையும் போடுங்கள். நினைவில் நிற்காதென்றால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி அலமாரியில் வையுங்கள். கெட்டிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உங்கள் அலமாரியைத் திறக்க எவனும் ரஷ்யாவிலிருந்து செமோருக்கு வரப்போவதில்லை. உங்கள் மின்னஞ்சல் எந்தெந்தக் கசிவில் சிக்கியது என்பதை ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013 முதல் நடத்திவரும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பள்ளிப் போஸ்டர் செய்யும் கான்வாவும் அங்கே இருக்கிறது: 2019 மே, 13 கோடியே 70 லட்சம் கணக்குகள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

இன்னொன்று. தனிநபர் தரவு கசிந்தால் நிறுவனங்கள் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1-இல்தான் நடப்புக்கு வந்தது. ஆனால் அந்த விதி அடங்கிய 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. அமைச்சின் தளம் நாளை மறுபடி கசிந்தால் இந்தச் சட்டத்தைக் காட்டி நாம் கேட்க முடியாது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் எத்தனை, சாப்பாடு யார் என்று ஒரு மணி நேரம் பேசுகிறோமே, அடுத்த கூட்டத்தில் ஒருவராவது எழுந்து கேளுங்கள்: நம் பிள்ளைகளின் கடவுச்சொல் பட்டியல் யார் யார் கைப்பேசியில் இருக்கிறது, அதை எப்போது மாற்றப்போகிறோம்?