உங்க கார் பாரம்பரியம், எங்க வண்டி காயலான் கடைக்கா?

சென்னையில பழைய கார் ஊர்வலம் நடந்தா பேப்பர்ல பெரிய போட்டோ வருது. மோரிஸ், ஃபியட், வண்டலூர்ல செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நல்லதுதான், நானும் ரசிக்கிறவன்.

ஆனா பட்டணத்து நண்பர்களே, ஒரு கேள்வி. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'விண்டேஜ்'னு 2021-ல மத்திய அரசு தனி விதியும் தனி நம்பர் பிளேட்டும் கொடுத்தது. ஆனா அதை தினசரி ரோட்டுல ஓட்டக் கூடாதாம்.

எங்க டிவிஎஸ் 50 தினசரி ஓடுது. ஓசூர்ல 1980-ல ஆரம்பிச்ச வண்டி இனம் அது. எங்களுடையது 1992-ல அப்பா நெல்லு வித்த காசுல வாங்குனது. வெள்ளாத்தங்கரை வயலுக்கு யூரியா மூட்டை, சந்தைக்கு ஆட்டுக்குட்டி, பள்ளிக்கூடத்துக்கு மகள், கடைசியா திட்டக்குடி ஆஸ்பத்திரிக்கு அப்பாவையே அதுலதான் ஏத்திட்டுப் போனேன். நடுவுல துண்டால என் இடுப்போட சேத்துக் கட்டியிருந்தேன்.

இந்த மாதிரி வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சா, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆர்.சி. புதுப்பிக்கணும். அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 300 ரூபாயிலேருந்து 1000 ஆக்குனாங்க. மூடி வெச்ச வண்டிக்கு மரியாதை, உழைக்கிற வண்டிக்கு அபராதமா?

அடுத்த ஊர்வலத்துல மூட்டை கட்டுன டிவிஎஸ் 50 ஒண்ணையும் நிறுத்துங்க. நானே ஓட்டிட்டு வரேன், பெட்ரோலுக்கு மட்டும் காசு கொடுங்க.