சோடா கணக்கில் வரவு

ராத்திரி ஒன்றரை மணிக்கு மண்ணூரில் விழித்திருப்பவர்கள் மூன்றே வகை. நைட் ஷிப்ட்காரர்கள், அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும் கம்பெனி பஸ் டிரைவர்கள், அப்புறம் நான்.

அவர்களுக்காவது சம்பளம் உண்டு. எனக்கு வெறும் வயிற்று வலி.

சாயந்திரம் ஒரு காதுகுத்து. மட்டன் பிரியாணி, இரண்டு ரவுண்டு. ஒன்பது மணிக்குக் கை கழுவினேன். பத்தரைக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ ஜாக்கி வைத்துத் தூக்குகிற மாதிரி ஆரம்பித்தது. பதினொன்றரைக்கு வலது விலாவுக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, முதுகுப் பக்கம் வலது தோள்பட்டை வரை கையை நீட்டியது. உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி, நடந்தாலும் வலி. வியர்வை, குமட்டல் வேறு.

"கேஸ்தாங்க. ரெண்டாவது தடவை வேணாம்னு அப்பவே கண்ணைக் காட்டினேன்" என்றாள் மனைவி.

காட்டியது வாஸ்தவம். அந்த நேரத்தில் என் கண் லெக் பீஸில் இருந்தது.

ஓம வாட்டர், பெருங்காயத் தண்ணீர், ஜெலுசில் எல்லாம் ஆயிற்று. மூன்று மணிக்குக் கடைசியாக ஒரு சோடா. தெருவுக்கே கேட்கிற ஏப்பம். மூணேகாலுக்கு சுவிட்சை அணைத்த மாதிரி வலி நின்றுவிட்டது! "பாத்தியா, கேஸ்தான்" என்று தூங்கிப்போனேன்.

நான் பி.காம். படித்தது வீணாய்ப் போனது அங்கேதான். வரவைத் தப்பான கணக்கில் எழுதிவிட்டேன். இரண்டு வருஷத்தில் ஏழு தடவை வலி வந்தது, ஏழு தடவையும் சோடாவுக்கே பேர் போனது. எங்கள் தெரு முனை சோடாக் கடைக்காரர் என்னைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்.

எட்டாவது தடவை சோடா கைவிட்டது. விடியற்காலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. டியூட்டி டாக்டர் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார். "வயித்துக்குத்தானே வந்தேன் டாக்டர்?" என்றேன். "நெஞ்சுக்குழியில வலி, வியர்வைன்னு வந்தா ஹார்ட்டைப் பார்த்துட்டுதான் சார் வயித்துக்கு வருவோம்" என்றார். இதயம் பாஸ். பிறகு கேட்டார்:

"ஏப்பம் விட்டா குறையுதா?"

"கடைசி ஏப்பத்துக்குக் கண்டிப்பா குறையும் டாக்டர்."

"அதுக்கு முன்னாடி விட்ட ஏப்பமெல்லாம்?"

பதில் சொல்ல முடியவில்லை. ஆடிட்டர்கூட என்னை இப்படி மடக்கியதில்லை.

விஷயம் இதுதான். சுற்றிலும் குடோனாகப் பார்த்துப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கல்லீரல் ஒரு ஃபாக்டரி. மூன்று ஷிப்ட் ஓடி, தினம் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் தயாரிக்கிறது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பைதான் குடோன். சுமார் 50 மில்லி கொள்ளும். பித்தநீரை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருக்கும். கொழுப்புச் சாப்பாடு குடலுக்கு வந்ததும் டெஸ்பாட்ச் ஆர்டர் போகும். பை சுருங்கிச் சரக்கை அனுப்பும். சரக்கில் கொலஸ்ட்ரால் கூடினாலோ, ஆர்டர் இல்லாமல் தேங்கிக் கிடந்தாலோ அடியில் படிந்து கல்லாகிறது. (பட்டினி கிடந்து மளமளவென்று எடையை இறக்குகிறவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான்.) டெஸ்பாட்ச் நேரத்தில் ஒரு கல் வந்து கேட்டில் மாட்டிக்கொண்டால், லாரி குறுக்கே நின்ற குடோன் கதிதான். பை முக்கித் தள்ளும். அந்த முக்கல்தான் நம் வலி.

அரை மணியோ நாலு மணி நேரமோ கழித்துக் கல் தானாக உருண்டு பின்வாங்கும். வலி நிற்கும். அந்த நிமிஷம் நம் கையில் என்ன இருக்கிறதோ, சோடாவோ மாத்திரையோ விபூதியோ, அதற்குப் புகழ் கிடைத்துவிடும்.

ஸ்கேனுக்கு ஆறு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொன்னார்கள். சாப்பிட்டால் பை சுருங்கி, கல் சரியாகத் தெரியாதாம். டீயைச் சாப்பாட்டில் சேர்ப்பார்கள் என்று யார் கண்டது? திருப்பி அனுப்பப்பட்டு மறுநாள் போனேன். பதினோரு கல். ஒரு கிரிக்கெட் டீம்.

மருத்துவக் கல்லூரியில் இதற்கு நாலு ‘எஃப்’ சொல்லித்தருவார்களாம்: ஃபேட், ஃபீமேல், ஃபார்ட்டி, ஃபெர்டைல். பெண்களுக்கு அதிகம் என்பது நிஜம். ஆனால் முப்பது சொச்சம் வயதில், மீசை வைத்துக்கொண்டு, முதல் எஃப்பில் மட்டும் அரை மார்க் வாங்கிய எனக்கும் பதினோரு கல்!

நண்பர்கள் வைத்தியத்தோடு வந்தார்கள். வாழைத்தண்டு ஜூஸ் என்றார் ஒருவர். "பீர் அடி மச்சான், அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்றான் இன்னொருவன், தானும் துணைக்கு வருவதாக. ஐயா, அந்த யோசனையெல்லாம் கிட்னிக் கல்லுக்குச் சொல்வது. பித்தப்பைக்கும் சிறுநீருக்கும் சம்பந்தமே இல்லை.

வலியே தராமல் சும்மா கிடக்கும் கல்லைப் பொதுவாகச் சும்மா விட்டுவிடுவார்கள். வலி வர ஆரம்பித்துவிட்டால் பையையே எடுப்பதுதான் வழக்கம். குடோனை மூடினாலும் ஃபாக்டரி நேரடியாக சப்ளை செய்துவிடும். 1882-ல் பெர்லினில் லாங்கன்பூக் என்ற சர்ஜன் வயிற்றைத் திறந்து முதன்முதலில் எடுத்தார். 1965-ல் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் ஆபரேஷன் முடிந்து, பத்திரிகைக்காரர்கள் முன்னால் சட்டையைத் தூக்கி நீளத் தழும்பைக் காட்டினார். இன்று அவருக்குக் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. 1985-ல் ஜெர்மனியின் எரிக் மூஹே சின்னத் துளைகள் வழியாகவே எடுத்துக் காட்டினார். 1990-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். எனக்கு நாலு துளை, இரண்டாம் நாள் வீடு, பத்தாம் நாள் டைப் அடிக்க உட்கார்ந்துவிட்டேன்.

தள்ளிப்போட்டவர்களும் உண்டு. ஓவியர் ஆண்டி வார்ஹோலுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். பல வருஷம் ஒத்திப்போட்டு, 1987 பிப்ரவரியில் வேறு வழியில்லாமல் படுத்தார். பித்தப்பை அழுகிப்போயிருந்தது. மறுநாள் இறந்துவிட்டார். வயது 58.

இதையெல்லாம் நான் பெரிய மனுஷத்தனமாகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் எதிர் ரூம் பையன் வந்தான். செய்யாறு பக்கம். ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வேலை, வயது 24, ஒல்லி. நாலு ‘எஃப்’பில் ஒன்றுகூடக் கிடையாது.

"அண்ணா, உங்க சோடா கதை மாதிரியே எனக்கும் வருது. மூணு மாசமா."

முகத்தைப் பார்த்தேன். கண் மஞ்சள். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போகிறதாம், குளிர் ஜுரமும் உண்டாம். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறான்! லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்று ஷிப்ட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறான்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கல் குடோன் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில், அதாவது பித்தக் குழாயில் நிற்கிறது என்று அர்த்தம். வலி அஞ்சாறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, ஜுரம் சேர்ந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ அது அன்றைக்கே ஆஸ்பத்திரி கேஸ் என்று என் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். 108-க்கு போன் போட்டேன்.

வண்டியில் அவன் கேட்ட ஒரே கேள்வி: "சம்பளம் புடிப்பாங்களாண்ணா?"

பி.காம். கடைசியில் இதற்குத்தான் உதவியது. காண்ட்ராக்ட் ஆளானாலும் ஈ.எஸ்.ஐ. உண்டு. 2017-லேயே சம்பள வரம்பை 21,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். பையனுக்கு அதற்குள்தான். ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சம்பள சீட்டை வாங்கிப் பார்த்தேன். மாசாமாசம் பிடித்திருக்கிறார்கள். அவனுக்கு அது எதற்கென்றே தெரியாது.

வாய் வழியாக டியூப் விட்டுக் குழாயில் இருந்த கல்லை முதலில் எடுத்தார்கள். ஜுரம் தணிந்த பிறகு பையை எடுத்தார்கள். மூன்று வாரம் ஊரில் அம்மா கை ரசம் சாப்பிட்டுவிட்டு வந்து, கனம் தூக்காத வேலையில் சேர்ந்திருக்கிறான்.

என்னுடைய பதினோரு கல்லும் சின்ன பாட்டிலில் டி.வி. பக்கத்தில் இருக்கிறது. சோடாக் கடைக்காரர் மட்டும் இன்னும் கேட்கிறார்:

"என்ன சார், கடைப் பக்கமே காணோம்? உடம்பு சரியில்லையா?"