சுஜாதாவே தேடிய ஒரு பழைய இதழ்: அபிமான எழுத்தாளரைச் சேகரிப்பது ஏன், எப்படி?

எழுத்தாளர் சுஜாதாவின் முதல் சிறுகதை 1953-ல் வெளியானது. திருச்சியிலிருந்து கவிஞர் திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’ பத்திரிகையில் வந்த கதை அது. பிற்காலத்தில் அந்தக் கதையின் பிரதி சுஜாதாவிடமே இல்லை. யாராவது தேடிக் கொடுத்தால், ராஜா கதைகளில் வருவது மாதிரி பாதி ராஜ்யம் தருவதாக வேடிக்கையாக எழுதியும் பார்த்தார்.

வேடிக்கை இருக்கட்டும். தமிழ்நாட்டில் அதிகம் வாசிக்கப்பட்ட எழுத்தாளர்களில் ஒருவர் அவர். பத்திரிகைகள் அவருடைய தொடருக்காக வரிசையில் நின்ற காலம் உண்டு. அப்படிப்பட்டவரின் முதல் கதையே அவர் கையில் இல்லை என்றால், அவ்வளவு பெயர் வாங்காதவர்களின் எழுத்து எங்கே இருக்கும்?

பதில் பல சமயம் ஒன்றுதான்: பழைய பேப்பர் கடையில், எடைக்கு.

அபிமான எழுத்தாளரின் பழைய இதழ், முதல் பதிப்பு, கடிதம், கையெழுத்து என்று தேடித் தேடிச் சேர்ப்பவர்களைப் பார்த்து, ‘இது என்ன பைத்தியம்’ என்று வீட்டில் சொல்வது வழக்கம். ஆனால் தமிழ் இலக்கிய வரலாற்றில் கணிசமான பகுதி இன்று மிச்சம் இருப்பதே அந்தப் ‘பைத்தியங்கள்’ புண்ணியத்தில்தான்.

புத்தகம் கிடைக்கும்போது பழைய இதழ் எதற்கு?

நியாயமான கேள்வி. சுஜாதாவின் நாவல்கள் கடையிலும் கிண்டிலிலும் கிடைக்கின்றன. அப்புறம் எதற்கு நாற்பது வருஷத்துக் குமுதத்தைத் தேட வேண்டும்?

முதல் காரணம், இதழில் வந்ததும் புத்தகமாக வந்ததும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சுஜாதா குமுதத்தில் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்ற தொடரை ஆரம்பித்தார். எதிர்ப்பு கிளம்பியதால் அது பாதியில் நின்றது. பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற புதுப் பெயரில் எழுதினார். இன்று கடையில் கிடைப்பது அந்த நாவல்தான். நின்றுபோன தொடர் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், அந்த வாரத்து இதழ்களைத் தவிர வேறு வழி இல்லை.

இரண்டாவது, படங்கள். கணேஷ், வசந்த் என்றதும் ஒரு தலைமுறை வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது ஓவியர் ஜெயராஜ் வரைந்த முகங்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வந்தியத்தேவனுக்கு உருவம் கொடுத்தவர் மணியம். மலிவுப் பதிப்புகளில் பல சமயம் இந்தப் படங்கள் இருக்காது.

மூன்றாவது, கதையைச் சுற்றி இருப்பவை. அதே பக்கத்தில் வந்த சோப்பு விளம்பரம், அடுத்த வாரம் வந்த வாசகர் கடிதம், அன்றைக்கு இதழின் விலை என எல்லாமே ஒரு காலத்தின் சாட்சி. 1836-37-ல் சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ மாதா மாதம் தனித்தனிப் பகுதிகளாக வந்தது. இன்றும் உலகச் சேகரிப்பாளர்கள் தேடுவது மேலட்டையும் விளம்பரப் பக்கங்களும் உள்ள அந்த மாதப் பகுதிகளைத்தான். அங்கே பொக்கிஷமாகப் பார்க்கப்படுவது, இங்கே பரணை ஒழிக்கும்போது முதலில் வெளியே போகிறது.

வீட்டு பைண்டிங் என்ற நூலகம்

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பழைய பழக்கமே இருந்தது. ஒரு வீட்டில் வாங்கிய குமுதமோ விகடனோ நாலு வீடு சுற்றி வரும். எல்லோரும் படித்த பிறகு தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, அடுக்கி, ஊசி நூலால் தைத்து, வசதி இருந்தால் கடையில் காலிகோ பைண்டிங் போட்டு வைப்பார்கள். அட்டையில் மையால் தலைப்பு எழுதியிருக்கும். மாமியார் தைத்து வைத்ததை மருமகள் படித்த வீடுகள் ஏராளம்.

அந்த பைண்டிங்குகள் இன்று பல தொடர்களின் மூல வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. குறை ஒன்று உண்டு. கிழிக்கும்போது இதழின் தேதி போய்விடும். பைண்டிங் கடையில் ஓரம் வெட்டும்போது பக்க எண்ணும் சில சமயம் போய்விடும். அப்படி ஒரு தொகுப்பு வீட்டில் இருந்தால், எந்தப் பத்திரிகை, ஏறத்தாழ எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி உள்ளே வைப்பது முதல் வேலை. அந்தத் தகவல் அவர்களோடு போய்விட்டால் திரும்பக் கிடைக்காது.

அரசு நூலகத்தில் எல்லாம் இருக்குமே?

1954-ல் வந்த நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட குறிப்பிட்ட நூலகங்களுக்குப் போக வேண்டும். 1956-ல் பத்திரிகைகளும் அதில் சேர்ந்தன. ‘சிவாஜி’யில் கதை வந்தது 1953-ல். அதாவது அந்தச் சட்டத்துக்கு முன்பு. சட்டம் வந்த பிறகும் எல்லாச் சிற்றிதழ்களும் ஒழுங்காக அனுப்பிவைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இடைவெளியை நிரப்புவது தனிமனிதச் சேகரிப்புதான்.

திருச்சிக்குப் பக்கத்திலேயே இதற்கு உதாரணங்கள் உண்டு. காரைக்குடி அருகே கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். புத்தகங்களோடு பத்திரிகைகள், பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாட்டை விட்டு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-ல் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆனது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிற யாரும் அந்தப் படி ஏறாமல் இருக்க முடியாது.

புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி - டோரதி கிருஷ்ணமூர்த்தி தம்பதி உருவாக்கிய ஞானாலயாவும் அப்படித்தான். சொந்தக் காசில், சொந்த முயற்சியில் முதல் பதிப்புகளைத் தேடிச் சேர்த்து, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்ட நூலகம் அது.

எது அரிது? எப்படிக் கண்டுபிடிப்பது?

புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ‘முதல் பதிப்பு’ என்ற சொல். பதிப்பகம் மாறும்போது, புதுப் பதிப்பகம் தான் போடும் முதல் அச்சையும் ‘முதல் பதிப்பு’ என்றே குறிப்பது உண்டு. 1970-களில் வந்த நாவலின் உள்பக்கத்தில் ‘முதல் பதிப்பு 2010’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அது அந்தப் பதிப்பகத்துக்கு முதல், நாவலுக்கு அல்ல. பதிப்பகம், அச்சகம், விலை, மாதம் நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்தது, பெயர். எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டதே, குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால்தான். எனவே 1953-ம் வருஷத்துப் பக்கங்களில் ‘சுஜாதா’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்தப் பெயர் அப்போது பிறக்கவே இல்லை. கணையாழியின் கடைசிப் பக்கத்தில் அவர் ‘ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.’ என்றும் எழுதினார். ஒரு எழுத்தாளரின் எல்லாப் பெயர்களையும் தெரிந்துவைத்திருப்பவர் கண்ணில்தான் அரியது படும்.

மூன்றாவது, ஊர். ஸ்ரீரங்கம் கதைகளில் வரும் ஊர் மட்டுமல்ல, அச்சு ஊரும்கூட. 1910-ல் ஆதிசங்கரரின் நூல்களை 20 தொகுதிகளாகக் கொண்டுவந்தது இங்கிருந்த வாணி விலாஸ் அச்சகம். இப்படி உள்ளூர் அச்சகங்கள் போட்ட புத்தகங்கள், கோயில் விழா மலர்கள், பள்ளி, கல்லூரி ஆண்டு மலர்கள் எல்லாம் பெரிய கடைகளில் கிடைக்காது. சுஜாதாவும் அப்துல் கலாமும் படித்த திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி போன்ற இடங்களின் பழைய மலர்களில், பின்னால் பெரிய ஆளானவர்களின் ஆரம்ப எழுத்து இருக்க வாய்ப்பு உண்டு.

கையெழுத்து, கடிதம் வாங்கலாமா?

வாங்கலாம், நிதானமாக. கையெழுத்து போட்ட புத்தகம் என்று ஆன்லைனில் விற்பனைக்கு வந்தால், ‘இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?’ என்பதுதான் முதல் கேள்வி. எந்த விழாவில், யாருக்கு, எப்போது போட்டுக் கொடுத்தது என்ற விவரமோ, உடன் ஒரு புகைப்படமோ கடித உறையோ இருந்தால் நம்பிக்கை கூடும். வெறும் கையெழுத்தை மட்டும் நம்பிப் பெரிய தொகை கொடுப்பது ஆபத்து.

கடிதத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தாள் வாங்கியவருக்குச் சொந்தம். அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம். ஃபேஸ்புக்கில் முழுசாகப் போடும் முன் அனுமதி கேட்க வேண்டும்.

பழைய வீடுகளில் ஓலைச்சுவடியோ கையெழுத்துப் பிரதியோ கிடைத்தால் கூடுதல் கவனம் தேவை. 75 வருஷத்துக்குக் குறையாத, இலக்கிய அல்லது வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகள் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனிநபர்கள் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஸ்கேன் பண்ணி குரூப்பில் போட்டால் என்ன?

நல்ல எண்ணத்தில்தான் பலர் செய்கிறார்கள். ஆனால் இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 வருஷம் வரை பதிப்புரிமை உண்டு. சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கு என்பதால், 2068 முடியும் வரை அவர் எழுத்துக்கு உரிமை உள்ளது. கல்கியின் எழுத்து அப்படியல்ல. அவர் படைப்புகள் 1999-ல் நாட்டுடைமை ஆகிவிட்டன, யாரும் வெளியிடலாம்.

தன்னிடம் உள்ள இதழின் பாதுகாப்புக்காக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது வேறு, முழு நாவலை டெலிகிராமில் ஏற்றுவது வேறு. பொதுவுக்குப் பயன்பட வேண்டும் என்று நினைப்பவர்கள், ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களிடம் ‘இந்த இதழ் உங்களிடம் இருக்கிறதா?’ என்று கேட்கலாம். இல்லை என்று பதில் வந்தால், கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துவிடும்.

பாதுகாக்க என்ன செய்ய வேண்டும்?

பத்திரிகைத் தாள் மட்டமான மரக்கூழில் செய்தது. அதில் உள்ள அமிலமே காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கி, அப்பளம் மாதிரி நொறுங்க வைக்கும். வெயிலும் ஈரமும் அதை வேகப்படுத்தும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை; கோடையில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணில் சூட்டுக்கும் பஞ்சமில்லை. எனவே பரணும் வேண்டாம், தரையும் வேண்டாம். காற்றோட்டமான அறையில், சுவரை ஒட்டாத அலமாரி போதும்.

செலோ டேப் ஒட்டக் கூடாது; சில வருஷத்தில் பழுப்புக் கறையாகி எழுத்தையே தின்றுவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. பிறகு எந்த நிபுணராலும் பிரித்துச் சரிசெய்வது கடினம். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை மெதுவாக எடுத்துவிட வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை வெளியே எடுத்துத் தூசி தட்டினாலே பூச்சித் தொல்லை பாதி குறையும்.

கடைசிக் கேள்வி: அடுத்து யாரிடம்?

இவ்வளவும் செய்தவர்கள்கூடத் தவறவிடுவது இதைத்தான். முப்பது வருஷம் சேர்த்தவர் கண் மூடிய பிறகு, வீட்டை விற்கும் அவசரத்தில் மொத்தமும் எடைக்குப் போகிறது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எது வெறும் பேப்பர், எது பொக்கிஷம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே சேகரிப்பவர் செய்ய வேண்டிய முக்கியமான வேலை வாங்குவதல்ல, எழுதிவைப்பது. என்னென்ன இருக்கிறது என்று போனிலேயே ஒரு எக்ஸெல் பட்டியல். அதில் பத்திரிகை, தேதி, எழுத்தாளர், நிலை என்று நான்கு கட்டம். கடைசியில் ஒரே ஒரு வரி: ‘எனக்குப் பிறகு இது இந்த நூலகத்துக்கு.’ அந்த நூலகத்திடம் முன்பே பேசி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. கொடுத்த பிறகு மூட்டையாகக் கிடக்காமல் பட்டியலில் ஏறுமா, படிக்க வருபவருக்குக் கிடைக்குமா என்பதைக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

இதில் ஊருக்கும் பங்கு உண்டு. மைசூருவில் ஆர்.கே. நாராயண் வாழ்ந்த வீடு இடிபடும் நிலைக்குப் போய், பிறகு மீட்கப்பட்டு 2016-ல் நினைவகமாகத் திறக்கப்பட்டது. எல்லா ஊரும் வீடு வாங்க வேண்டியதில்லை. திருச்சி, ஸ்ரீரங்கம் நூலகங்களும் கல்லூரிகளும் ‘இந்த ஊர் எழுத்தாளர்கள்’ என்று ஆளுக்கு ஓர் அலமாரி ஒதுக்கி, வீடுகளில் இருக்கும் பழைய பைண்டிங்குகளை ரசீது கொடுத்து வாங்கிக்கொண்டாலே போதும். ராஜகோபுரத்தின் முன் செல்ஃபி எடுத்துக்கொண்டு, சித்திரை வீதியில் சுஜாதாவின் கதைமாந்தர்களைத் தேடி நடக்கும் இளம் வாசகருக்கு அந்த அலமாரியில் பார்க்க ஏதாவது இருக்கும்.

ஊருக்குப் போகும் அடுத்த விடுமுறையில் பரணில் ஏறிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். எடைக்காரர் வந்து போக அதைவிடக் குறைவான நேரமே ஆகும்.