மாத்திரையில் வந்த தியானம்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த தங்கச்சி மகன், ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டான். வயசு முப்பதுதான் ஆகுது. எனக்குப் பக்கென்றது.

"என்ன மாப்ள, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல மாமா. தூக்கம் வரமாட்டேங்குது. மனசு கொஞ்சம் அமைதியா இருக்கத்தான். தியானின்."

"அடப்பாவி, தியானத்தையும் மாத்திரையாப் போட்டுட்டானுகளா?"

"தியானம் இல்ல மாமா, தியானின். டீயில இருக்குறதுதான். நீங்க தினம் அஞ்சாறு டீ குடிக்கிறீங்களே, உங்களுக்கு ஓசியிலயே கிடைக்குது."

ஓசியில் கிடைக்குதா என்பதுதான் எனக்கு இடித்தது. டீ குடித்தே வாழ்கிற ஊர் எங்க ஊர். அதில் மன அமைதி அவ்வளவு இருந்தால் இங்கே பாதிப் பேர் ஞானியாகியிருக்கணும். வெங்காயம் விலை இறங்கின வாரத்தில் எங்க டீக்கடைப் பக்கம் வந்து பாருங்க, எத்தனை ஞானி உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியும். அதனால் உட்கார்ந்து படித்தேன். படித்ததையும் எனக்குத் தோன்றியதையும் சொல்கிறேன்.

விவசாயி என்பதால் இந்தச் சரக்கு செடிக்கு எதுக்கு என்றுதான் முதலில் தேடினேன். அந்தக் கதை அழகாக இருக்கிறது. தியானின் ஒரு அமினோ அமிலம். தேயிலைச் செடி அதை வேரில் உண்டாக்குகிறது. மண்ணிலிருந்து எடுத்த தழைச்சத்தைச் சேமித்து வைக்க அது பிடித்த வழி இது. நாம் நெல்லைக் குதிரில் போட்டு வைப்போமே, அந்த மாதிரி. குளிர் முடிந்து துளிர் விடும்போது அங்கிருந்து மேலே ஏற்றிக் கொழுந்துக்கு அனுப்புகிறது. கொழுந்தில் நல்ல வெயில் பட்டால் தியானின் சிதைந்து துவர்ப்புச் சத்துக்குப் போய்விடுகிறது. வெயிலை மறைத்தால் அப்படியே தங்குகிறது.

ஜப்பானில் கியோட்டோ பக்கம் உஜி என்ற இடத்தில் இதைப் பல நூறு வருசமாகக் கைப்பழக்கமாகவே செய்துவருகிறார்கள். பறிப்பதற்கு மூணு வாரம் முன்னாலிருந்தே தோட்டத்துக்கு மேலே பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். முன்பு நாணலும் வைக்கோலும், இப்போது கறுப்பு வலை. அப்படி வளர்த்த இலையில் துவர்ப்பு குறைந்து, ரசம் மாதிரி நாக்கில் நிற்கிற ஒரு ருசி வரும். கியோக்குரோ என்று பேர். நம்ம கொடிக்காலில் அகத்தி நிழலில் வெற்றிலையை இளசாக வளர்க்கிற ஆளுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம், உடனே புரிந்துகொள்வார். அந்த கியோக்குரோ இலையிலிருந்துதான் 1950 வாக்கில் யாஜிரோ சகாட்டோ என்ற ஜப்பான்காரர் தியானினைப் பிரித்தெடுத்தார். தேயிலைச் செடிக்கு அறிவியலில் முன்பு 'தியா' என்று பேர். அதிலிருந்து வந்ததுதான் இந்தப் பேர். நம்ம தியானத்துக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, மனசுக்கு என்ன செய்கிறது? குடித்து முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் ஏறி மூளைக்கும் போய்ச் சேருகிறது. மூளையைக் கிளப்பிவிடுகிற குளுட்டமேட் என்ற பொருளுக்கும் இதுக்கும் உருவம் ஏறக்குறைய ஒன்று. அண்ணன் வீட்டுச் சாவி தம்பி வீட்டுப் பூட்டில் நுழையும், முழுசாகத் திறக்காது. அந்தக் கணக்கில் அந்தக் கிளர்ச்சியைக் கொஞ்சம் தணிக்கிறது என்கிறார்கள். தலையில் கம்பி ஒட்டி அளந்து பார்த்தால், விழித்திருந்தும் பதற்றமில்லாமல் இருக்கும்போது வருகிற ஆல்ஃபா அலை கூடுகிறதாம். தூக்க மாத்திரை போல ஆளை அமுக்குவதில்லை. டீயில் கூடவே இருக்கிற காஃபீனோடு சேரும்போது, படபடப்பு இல்லாமல் கவனம் நிற்கிறது என்றும் சில சோதனைகள் சொல்கின்றன. பொய்யில்லை, விசயம் இருக்கிறது.

ஆனால் அளவைப் பாருங்க. அந்தச் சோதனைகளில் கொடுத்தது பெரும்பாலும் 50 மில்லிகிராமிலிருந்து 250 மில்லிகிராம் வரை. மாப்பிள்ளையின் டப்பாவில் 200 என்று போட்டிருந்தது. 200 மில்லி கறுப்பு டீயில் அளந்து பார்த்தபோது கிடைத்தது சுமார் 25 மில்லிகிராம். பச்சைத் தேயிலைத் தண்ணியில் சுமார் 8 தான். உடம்பைக் குறைக்கக் கிரீன் டீ குடிப்பவர்கள் கோபிக்க வேண்டாம். பால் கொஞ்சம் விட்டால் பரவாயில்லை, நிறைய விட்டால் அளவு குறைகிறது என்றும் அதே ஆய்வில் இருக்கிறது. எங்க ஊர் கிளாஸ் பிடிப்பது 100 மில்லி சொச்சம். அதிலும் பாதிக்கு மேல் பால், மேலே நுரை. டிகாஷனோ காலையில் துணியில் போட்ட டஸ்டை மத்தியானம் வரைக்கும் பிழிந்தது. என் கணக்குக்கு ஒரு கிளாஸில் 10 மில்லிகிராம் இருந்தாலே பெரிசு. அவன் போட்ட ஒரு மாத்திரைக்கு நான் இருபது டீ குடிக்கணும். இருபது டீ குடித்தவன் எங்கே தூங்குவது?

அதனால் எங்களுக்கு டீயில் கிடைப்பது அமைதி என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. எங்களுக்குக் கிடைப்பது காஃபீனும் சர்க்கரையும். களை வெட்ட வருகிற பெண்கள் ஆறு மணிக்கு ஒரு டீயைக் குடித்துவிட்டு, பத்து மணி வரைக்கும் வேறொன்றும் சாப்பிடாமல் குனிந்தே நிற்கிறார்கள். "டீ குடிச்சா பசி தெரியாதுண்ணே" என்பார்கள். தெரியாதுதான், ஆனால் பசி போகவில்லை. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் அதிலுள்ள துவர்ப்பு, கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தசோகை இருக்கிற உடம்புக்கு இது சின்ன விசயம் இல்லை. நகரத்தில் டீயைப் பற்றி இவ்வளவு எழுதுகிறார்கள், எங்க காட்டில் டீ எதுக்குப் பதிலாகக் குடிக்கப்படுகிறது என்பதையும் யாராவது எழுதினால் நல்லது.

"டீக்கடை பெஞ்சுல உக்காந்தாலே ஒரு நிம்மதி மாமா" என்றான் மாப்பிள்ளை. எனக்கும் அப்படித்தான். நாலு மணிக்கு மண்வெட்டியைச் சாத்திவிட்டு, கிளாஸின் சூடு உள்ளங்கையில் ஏற, பக்கத்தில் ஒருத்தன் பேசுவதைக் கேட்டும் கேட்காமலும் உட்கார்ந்திருக்கும்போது முதுகு இறங்குகிறது. முதல் வாய் குடிப்பதற்கு முன்பே இறங்கிவிடுகிறது, கவனித்திருக்கிறேன். அதைத் தியானின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அந்த பெஞ்சையும் ரொம்பப் புகழ எனக்கு வாய் வரவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்த பெஞ்சில் எல்லாரும் உட்கார முடியாது. சிலருக்குத் தனிக் கிளாஸ், குத்தவைத்துக் குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகணும். அதே டஸ்ட், அதே பால்தான் அவர்களுக்கும் ஊற்றினார்கள். அவர்கள் மனசு எந்த அமைதி கண்டிருக்கும்?

இன்னொன்றும் உறுத்துகிறது. மாத்திரை வாங்குகிறவர்கள் தேயிலை விவசாயிக்கு நாலு காசு போகும் என்று நினைக்கலாம். கடையில் விற்கிற தியானின் நிறைய தேயிலையிலிருந்து எடுப்பதே இல்லை, தொழிற்சாலையில் நுண்ணுயிரிகளின் நொதியை வைத்துச் செய்வது. செடி வேரில் செய்கிற வேலையைத் தொட்டியில் செய்துவிடுகிறார்கள். அது குற்றமில்லை. ஆனால் டப்பாவின் மேலே பச்சைக் கொழுந்துப் படம் எதுக்கு? அந்தக் கொழுந்தைப் பறிக்கிற நீலகிரி சிறு விவசாயிகள் 2023-இல் பச்சைத் தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மன அமைதி தருகிற செடியை வளர்க்கிறவன் பாடு அது.

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும். ஏற்கெனவே பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேட்கணும். ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் இதைப் பரிசீலித்து, மன அழுத்தம் குறைக்கும், நல்ல தூக்கம் தரும் என்ற பேச்சுக்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் முடிவு சொன்னது. அதற்கு அப்புறமும் சோதனைகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் கொஞ்சம் பேரை வைத்து, கொஞ்ச நாளைக்குச் செய்தவை. மூணு நாள் மழையை வைத்து அந்த வருச விளைச்சலை நான் சொல்ல மாட்டேன்.

மாப்பிள்ளையிடம் ஒன்றுதான் கேட்டேன். "ராத்திரி எத்தனை மணி வரைக்கும் வேலை?"

"அமெரிக்காக்காரன் கூட மீட்டிங் மாமா. பதினொண்ணு, சில நாள் பன்னெண்டரை."

"அதுவரைக்கும்?"

"காபிதான்."

காஃபீன் பாதி இறங்கவே அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும். பதினோரு மணிக்கு காபியைக் குடித்துவிட்டு பன்னிரண்டரைக்கு 200 மில்லிகிராம் அமைதியை விழுங்குகிறான். ஒரு பக்கம் மடை திறந்துவிட்டு மறுபக்கம் வாளியில் இறைக்கிற வேலை. சொன்னேன். "வேலை அப்படி மாமா, நான் என்ன பண்ண?" என்றான். அதுக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் வேலை அப்படித்தான். இந்த வாரம் எங்க லைனுக்கு மும்முனைக் கரண்ட் ராத்திரி முறை. பதினோரு மணிக்கு வரும், விடிய மூணுக்கு நின்றுவிடும். அதுக்குள் மக்காச்சோளத்துக்குத் தண்ணி கட்டி முடிக்கணும். பிளாஸ்கில் டீ ஊற்றி வைத்திருக்கிறாள் வீட்டுக்காரி.