புயலுக்கு ஆண், பெண் தெரியாதுதான். ஆனா...

"பருவநிலை மாநாட்டுல பெண்களுக்கு எதுக்குத் தனியா ஒரு திட்டம்? புயல் என்ன ஆள் பாத்தா அடிக்குது?"ன்னு கமெண்ட்ல சிரிக்கிற நண்பர்களுக்கு...

1991 ஏப்ரல், வங்கதேசப் புயல். சுமார் 1,40,000 பேர் உயிரிழந்தாங்க. ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகம். ஏன்? எச்சரிக்கை கடைத்தெருவுல இருந்த ஆண்கள் காதுக்குப் போச்சு, அடுப்படிக்கு வரல. கணவர் இல்லாம, கைக்குழந்தையோட, தனி அறைகூட இல்லாத முகாமுக்குப் போகப் பல பெண்கள் தயங்கினாங்க. தண்ணி வந்துடுச்சு. இன்ஜினியரிங் படிச்சவனா சொல்றேன், இது இயற்கையோட குத்தம் இல்ல, டிசைன் கோளாறு. பிறகு பெண் தொண்டர்களைச் சேர்த்து, முகாம்கள்ல தனி அறைகளும் கட்டினாங்க.

டிசைன் பண்ற மேசையில யார் இருக்காங்க? 2024 ஜனவரியில, பாகு மாநாட்டுக்கு அஜர்பைஜான் அறிவிச்ச ஏற்பாட்டுக் குழுவுல 28 பேர். 28 பேரும் ஆண்கள்! உலகமே காறித்துப்பின பிறகுதான் 12 பெண்களைச் சேர்த்தாங்க. 1992 ஐ.நா. பருவநிலை ஒப்பந்தத்துல பெண்களைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. 2014-ல லிமா திட்டம், 2025-ல பெலெம் பாலினச் செயல்திட்டம்னு இப்பதான் எழுத்துல வந்திருக்கு.

சரி, அதுக்கு நிதி யார் தர்றது? அடுத்த மாநாட்டுல இந்திய அரசும் எழுந்து கேக்கணும்.

#பருவநிலைநீதி